கூழ்ப்பானையும் வேல்ஸ் நாட்டுத் தோசைக்கல்லும்

பெங்களூரில் தமிழர் உணவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஐந்தாவது நிமிடத்தில் ஓட்டல் வாசலில் போய் நின்றுவிடுகிறது. எந்தக் கடையில் ஆம்பூர் பிரியாணி நன்றாக இருக்கும், எங்கே செட்டிநாட்டுக் கோழி வறுவல் காரசாரமாகக் கிடைக்கும், கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டியவர்களில் யார் சிக்கரியைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பவைதாம் நமக்குத் தெரிந்த உணவு ஆராய்ச்சி. விவேக் நகரிலும் நீலசந்திராவிலும் ஆஸ்டின் டவுனிலும் ஈஜிபுராவிலும் நம் தாய்மார்கள் மூன்று நான்கு தலைமுறையாக வீட்டுக்குள்ளே சமைத்து வந்தது என்ன என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை. கேட்பாரும் இல்லை. இதைப் பற்றி நம் சங்க இதழில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதத் தூண்டியது சற்றும் எதிர்பாராத ஒரு நாடு: வேல்ஸ்.

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக் கிடக்கும் சிறிய மலைநாடு அது. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சம். நம் பெங்களூரில் பாதிகூட இல்லை. தனக்கென்று ஒரு பழைய மொழி, அதற்குப் பக்கத்திலேயே உலகையெல்லாம் விழுங்கும் ஆங்கிலம். அவர்கள் சொந்த மண்ணில் இருப்பவர்கள், நாம் பிழைக்க வந்த இடத்தில் வேர்விட்டவர்கள். ஆகையால் இரண்டையும் முழுவதுமாக ஒப்பிட முடியாது. ஆனால் அடுப்படிவரை போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. மாமிசம் சாப்பிடாத அன்பர்கள் அடுத்த சில பத்திகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்நாட்டின் தலையாய உணவு 'கவுல்'. உப்பிட்ட பன்றி இறைச்சியோ ஆட்டிறைச்சியோ ஒரு துண்டு, அதோடு உருளைக்கிழங்கு, காரட், நம் நூல்கோலைப் போன்ற ஒரு கிழங்கு, கடைசியில் 'லீக்' எனும் வெங்காயத் தாள் வகை. எல்லாம் ஒரே பானையில், ஒரே அடுப்பில். பழைய நாளில் மரக் கிண்ணத்தில் ஊற்றி மரக் கரண்டியால் குடித்தார்கள். பல வீடுகளில் முதலில் சாறு, பிறகு தனித் தட்டில் கறியும் கிழங்கும். நான் ரசித்தது இதற்கு அடுத்த செய்தியை. மறுநாள் சூடாக்கிச் சாப்பிடும் கவுலுக்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே உண்டு. 'இரண்டாம் சூடு கவுல்' என்று பொருள். முதல்நாளைவிட அதுதான் ருசி என்பது அந்நாட்டார் துணிபு. நம் வீட்டுச் சுண்டக் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு மறுநாள் மீந்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, அடி பிடிக்கும்வரை சுண்டவைத்து, அதற்காகவே விருந்தை எதிர்பார்த்திருந்த வீடுகள் நம்மிடையே எத்தனை!

இன்னொன்று 'லம்ரி'. ஓட்ஸ் தானியத்தின் மாவைக் குளிர்ந்த நீரிலோ மோரிலோ இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வடிகட்டி, அந்த நீரை அடுப்பிலேற்றி விடாமல் கிளறிக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்துப் பாலோடு உண்பது. வயலில் கோடை வேலை செய்தவர்களுக்கு அதுவே உணவு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. தானியம் மாறியிருக்கிறது, செய்முறை நம் கேழ்வரகுக் கூழேதான். ஏழை எந்த நாட்டில் இருந்தாலும் மாவைப் புளிக்கவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பிறகு 'பிக்காய் ஆர் உ மைன்'. 'கல்மேல் சுட்ட பணியாரம்' என்று மொழிபெயர்த்தால் தவறில்லை. கோதுமை மாவு, வெண்ணெய் அல்லது கொழுப்பு, சர்க்கரை, உலர்ந்த திராட்சை சேர்த்துப் பிசைந்து, வட்டமாக வெட்டி, அடுப்பில் வைத்த கனத்த இரும்புக் கல்லில் இரு பக்கமும் சுடுவது. ரொட்டி அடுப்பு இல்லாத வீட்டிலும் இந்தக் கல் இருக்கும். பெயர் 'கல்', ஆனால் பொருள் இரும்பு. நம் தோசைக்கல்லின் கதையும் இதுதானே? வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள் என்பர். கோலார் தங்க வயலிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பகுதியில் பல உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள். இன்னமும் அங்கே வீடு வைத்துக்கொண்டு மாரிக்குப்பம் இரயிலில் தினம் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிய தங்கள் பாட்டனாரின் தூக்குவாளியில் என்ன இருந்தது என்று இவர்களில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

கடைசியாக, கடற்பாசி. பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்புப் பாசியைச் சேகரித்து, மண் போகப் பலமுறை அலசி, மணிக்கணக்காக வேகவைத்தால் கறுத்துக் குழைந்த விழுதாகிறது. ஓட்ஸ் மாவில் புரட்டித் தட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, சிப்பிக் கறியோடு உண்பார்கள். பென்கிளாவ்த் என்ற கடலோர ஊரின் பெண்கள் சேற்றில் சிப்பி பொறுக்கிக் கழுதைமேல் ஏற்றிவந்து ஸ்வான்சீ நகரச் சந்தையில் விற்றது பெயர் பெற்ற காட்சி. பார்க்க அழகில்லாத, கடல் வாடை வீசும், ஏழையின் பண்டம் அந்தப் பாசி விழுது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் காப்புரிமைப் பெயர் வழங்கியது. திண்டுக்கல் பூட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் நாம் புவிசார் குறியீடு வாங்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு காலத்தில் கேலிக்குரியவையாக இருந்தன. உருக்கிய பாலாடைக்கட்டியை வாட்டிய ரொட்டிமேல் ஊற்றிய பண்டத்துக்கு ஆங்கிலத்தில் 'வெல்ஷ் முயல்' என்று பெயர். அதில் முயல் கிடையாது. கறி வாங்க வக்கற்றவனுக்குப் பாலாடைக்கட்டிதான் முயல் என்ற ஆங்கிலேயரின் குத்தல் அது என்று பலரும் கருதுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்ட பெயர்.

கேலி எப்படிப் பெருமையாயிற்று? அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1867இல் லானோவர் சீமாட்டி என்ற பெரிய வீட்டம்மாள் நல்ல சமையலின் கோட்பாடுகள் குறித்து ஒரு நூல் எழுதினார். வேல்ஸ் மொழி, உடை, இசை எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தப் பாடுபட்டவர், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அது மாளிகையிலிருந்து பார்த்த சமையல். உண்மையான வேலையைச் செய்தவர், நூறாண்டு கழித்து வந்த மின்வெல் டிபட் என்ற பெண்மணி. கார்டிஃப் நகருக்கு அருகே செயின்ட் ஃபகான்ஸ் என்ற இடத்தில் 1948இல் திறக்கப்பட்ட நாட்டுப்புற அருங்காட்சியகத்தின் ஊழியர் அவர். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நாடு முழுதும் ஊர் ஊராகப் போய், மூதாட்டிகளின் அடுப்படியில் உட்கார்ந்து, எந்தக் கிழமை என்ன சமைத்தீர்கள், எந்தப் பாத்திரத்தில், எந்த விறகில் என்று அவர்கள் மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்தார். 1976இல் வந்த 'வெல்ஷ் ஃபேர்' என்ற அவருடைய நூல் அந்தப் பாட்டிகளின் வாய்மொழியிலிருந்து எழுந்தது. அந்த மூதாட்டிகளின் காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். பத்தாண்டு தாமதித்திருந்தால் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, இனி நம் தெருவுக்கு வருவோம்.

1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது அதன் பின்னாலேயே வந்தவர்கள் நம் முன்னோர். சிப்பாய்கள், கொத்தனார்கள், வண்ணார்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், துணி வணிகர்கள் என்று வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். பிறகு ஆலை வேலைக்கும், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் ஒரு கூட்டம். அண்மைக் காலத்தில் கணிப்பொறி வேலைக்காக மதுரை, நெல்லை, கோவைப் பிள்ளைகள். விவேக் நகரில் இந்த மூன்று அலையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. வியாழக்கிழமை குழந்தை இயேசு திருத்தலத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நவநாள் வழிபாடு நடக்கும்போது வாசலில் நின்று பாருங்கள்; தமிழிலேயே எத்தனை வட்டார வழக்கு காதில் விழுகிறது! ஜனவரி 14இல் அங்கே ஆண்டுத் திருவிழா. அதை ஒட்டியே பொங்கல். இரண்டுக்கும் ஒரே அடுப்பில் பண்டம் செய்யும் வீடுகள் இங்கே உண்டு.

இந்த மூன்று அலையில் பழைய அலையின் சமையல்தான் போய்க்கொண்டிருக்கிறது. நெல்லைப் பிள்ளைக்குச் சொதி சாப்பிட ஆசை வந்தால் ஊருக்குப் பஸ் ஏறலாம். இருநூறு ஆண்டாகத் தண்டுப் பகுதியில் வாழும் குடும்பத்துக்கு ஏறிப்போக வேறு ஊர் இல்லை. அவர்களுடைய சமையல் இங்கே மறைந்தால் எங்கும் மறைந்ததுதான்.

அது என்ன சமையல் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். முதலில் களியும் கூழும். களி கிண்டுவது கையும் தோளும் சேர்ந்து செய்யும் வேலை. உலை கொதிக்கும்போது நொய்யரிசியைப் போட்டு, அது வெந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சற்று நேரம் விடவேண்டும். இந்தச் 'சற்று நேரம்' எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பிறகு பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, தண்ணீர் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். கூழுக்கு வேறு கணக்கு. முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, ஓரிரவு பானையில் ஆறவிட்டு, மூன்றாம் நாள் காலை மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிப்பது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், முருங்கைக்கீரை, கருவாடு, கிடைத்தால் மாங்காய்க் கீற்று. ஆடி மாதம் நம் பகுதி அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் இதுவே. ஆண்டுக்கொரு முறை கோயிலில் பயபக்தியோடு வாங்கிக் குடிக்கும் நாம், அதே கூழ் வீட்டு அடுப்பில் இருந்தால் விருந்தாளி வரும்போது மூடி வைக்கிறோம்.

இந்த ஊரில் நடந்த வேடிக்கை இது. கர்நாடகத்தில் ராகி முத்தே என்பது வெட்கப்படும் உணவு அன்று. அமைச்சர் முதல் விவசாயிவரை வாயாரச் சொல்லிச் சாப்பிடும் உணவு. தென் மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசியோடு ராகியும் வழங்கியிருக்கிறார்கள். கன்னடத்து நண்பர் பெருமையோடு முத்தே என்று சொல்வதை, அடுத்த வீட்டுத் தமிழர் தாழ்ந்த குரலில் களி என்று சொல்வதேன்? அரிசிச் சோறு உயர்வு, களி தாழ்வு என்ற எண்ணத்தை மூட்டை முடிச்சோடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கோரமங்களாக் கடைகளில் கேழ்வரகு பளபளப்பான பையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாட்டி கிண்டியபோது வேண்டாம் என்ற பேரன், பொட்டலத்தில் வந்ததும் வாங்குகிறான். வாங்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் கிண்டும் பதம் அச்சிடப்படவில்லையே!

அடுத்து, பிதுக்குப் பருப்பு. மார்கழி, தை மாதங்களில் மாகடிப் பக்கத்திலிருந்து அவரை வந்து குவியும்போது பெங்களூர்ச் சந்தைகளே அந்த வாசனையாக இருக்கும். நாம் மொச்சை என்றால் அவர்கள் அவரேகாய் என்பார்கள். கொட்டையை இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கி, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். கன்னடத்தில் ஹிதுகு பேளே சாரு. பெயரைப் பாருங்கள், இரண்டு மொழியிலும் 'பிதுக்கிய பருப்பு' என்றே பொருள். யார் யாரிடம் கற்றார்கள் என்று வழக்காடுவது வீண். வட ஆற்காட்டிலும் தென் கர்நாடகத்திலும் ஒரே மண், ஒரே மொச்சைக்கொடி, ஒரே பனி. மாநில எல்லை பின்னால் வந்தது.

இப்படிக் கலந்தவை இன்னும் பல. கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்துச் சாறாக்கி, கீரையைத் தனியே தாளித்துப் பொரியலாக்கும் பஸ்ஸாரு நம் வீடுகளில் அதே பெயரில் இருக்கிறது. கீரைக்காரியைக் கூப்பிடும்போதே 'சொப்பு' என்றுதான் நம் பாட்டிமார் கூப்பிடுவார்கள். இதைக் கேட்டுத் தமிழ் கெட்டுவிட்டதென்று புலம்பும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டும் இரு வீட்டுச் சுவருக்கு மேலாக அவரைக் குழம்புக் கிண்ணம் ஒரு நாளும் நிற்காமல் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

ஆங்கிலேயர் பங்களாக்களில் வேலை பார்த்த நம் சமையற்காரர்களை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலோ இந்தியர் வீட்டு விருந்தில் 'பால் கறி' என்றொன்று உண்டு. பசும்பால் என்று எண்ணிவிடாதீர்கள். பந்து போல உருட்டிய கொத்துக்கறிக் குழம்பு. மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோற்றோடு பரிமாறுவார்கள். நம் கோலா உருண்டைக் குழம்புக்கு அது நெருங்கிய உறவு. அதேபோல் கிறிஸ்துமசுக்கு அவர்கள் 'ரோஸ் குக்கீஸ்' என்று சுடுவது நம் அச்சு முறுக்கின் இனிப்பு வடிவம். எந்தப் பங்களாவில் எந்தத் தமிழ்ச் சமையற்காரர் எதை மாற்றினார் என்று எழுதி வைத்தவர் இல்லை. துரைசானிகள் சமையற் குறிப்பு எழுதினார்கள், சமைத்தவர் எழுதவில்லை.

கலந்துவிட்டால் அது பாரம்பரியம் ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் வேல்ஸ்காரர்களிடமே விடை இருக்கிறது. 1865இல் 'மிமோசா' என்ற கப்பலில் சுமார் 150 வேல்ஸ் நாட்டார் தென் அமெரிக்காவின் தென்கோடியில் படகோனியாவில் போய் இறங்கினார்கள். தங்கள் மொழி அழியாமல் வாழ ஓர் இடம் தேடிப் போனவர்கள். வறண்ட நிலம், கடுங்காற்று. அங்கே வாய்க்கால் வெட்டி, கோதுமை விளைவித்து, ஸ்பானிய மொழி பேசும் அர்ஜென்டினாவின் குடிமக்களானார்கள். இன்று அங்குள்ள கைமான் என்ற சிற்றூரின் தேநீர் விடுதிகளில் 'தோர்த்தா நெக்ரா', அதாவது கறுப்புக் கேக், பரிமாறுகிறார்கள். பழுப்புச் சர்க்கரை, உலர்பழம், கொட்டைகள் சேர்ந்து நெடுநாள் கெடாமல் இருக்கும் கேக். 'வேல்ஸ் கேக்' என்றே அர்ஜென்டினா முழுதும் அதற்குப் பெயர். ஆனால் வேல்ஸ் நாட்டில் போய்க் கேட்டால் அந்தக் கேக்கைத் தெரியாது! ஊரிலிருந்து கொண்டுபோன நினைவையும் அங்கே கிடைத்த பொருளையும் சேர்த்துக் குடியேறிய பெண்கள் உண்டாக்கியது அது. அதனால் அது போலி ஆகிவிடுமா? என்னைக் கேட்டால், அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை அந்தக் கேக்கைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆவணம் இல்லை.

இன்னும் சொல்கிறேன். கவுலில் போடும் உருளைக்கிழங்கும், நம் குழம்பில் போடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கேழ்வரகே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம். இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது பிறந்ததாக எம்.டி.ஆர். நிறுவனத்தார் சொல்லும் ரவா இட்லியை இன்று பெங்களூரின் பழம்பெருமை என்கிறோம். சுத்தமான சமையல் என்று உலகில் ஒன்றுமே இல்லை. கைக்குக் கைமாறி வந்த சமையல்தான் உண்டு.

பெண்களின் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு எழும். அதை நான் மதிக்கிறேன். 'ஐயா, நீங்கள் பாரம்பரியம் என்று பாடுவீர்கள். அம்மியில் அரைத்ததும் ஆட்டுக்கல்லில் ஆட்டியதும் புகையில் கண் கெட்டதும் நாங்கள். தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போய்த் திரும்பி, மறுபடி களி கிண்டச் சொல்கிறீர்களா?' என்று கேட்டால் என்ன சொல்வது? கிண்டச் சொல்லவில்லை அம்மா. மிக்சியும் குக்கரும் வந்தது நல்லதே. பாட்டிக்கு இருந்தது பாரம்பரியம் மட்டுமன்று, முதுகுவலியும் கூட. தினமும் சமைக்க வேண்டும் என்பதல்ல என் கோரிக்கை. தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதே. எழுதும் வேலையையும் கிண்டும் வேலையையும் ஆண்பிள்ளைகள் கற்றுக்கொண்டால் குடி முழுகிப் போகாது. தண்டுப் பகுதியில் சமையலைத் தொழிலாகக் கொண்டு பிழைத்த பாட்டனார்களின் பேரன்கள்தாமே நாம்?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் சங்க இதழ்களின் சமையற் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கல், வத்தக் குழம்பு, அவியல், மீண்டும் சர்க்கரைப் பொங்கல். தமிழர் அத்தனை பேரும் இதைத்தான் சாப்பிட்டார்களா? ஆட்டுப் போட்டியைச் சுத்தம் செய்து மிளகு போட்டு வறுத்த வீடுகள், இரத்தப் பொரியல் செய்த வீடுகள், மாட்டுக்கறி உப்புக்கண்டத்தைக் கொடியில் காயவைத்த வீடுகள், கருவாட்டுக் குழம்பின் மறுநாள் ருசிக்குச் சண்டை போட்ட வீடுகள் எல்லாம் நம் தெருவிலேயே இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களும் நம் சந்தாதாரர்கள்தாம். அவர்களுடைய சமையல் குறிப்பை நாம் ஒரு முறையேனும் கேட்டு வாங்கியதுண்டா? வாடகை வீடு தேடும்போது 'கருவாடு பொரிப்பீர்களா' என்று கேட்கும் வீட்டுக்காரர்களைப் பற்றிக் குறைப்படுகிறோம். நம் இதழின் பக்கங்களும் அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பது என் தாழ்மையான கருத்து. வேல்ஸ்காரர்கள் பன்றி ஈரலை அரைத்து உருட்டிச் சுடும் பண்டத்தைத் தங்கள் சமையல் நூல்களிலிருந்து நீக்கிவிடவில்லை. சந்தையிலே பட்டாணிக் கூட்டோடு விற்கிறார்கள், நூலிலும் அச்சிடுகிறார்கள். அதே நூல்களில் பாலாடைக்கட்டியும் லீக்கும் ரொட்டித்தூளும் சேர்த்த கறியில்லாத உருட்டும் இருக்கிறது. சைவருக்கும் இடம், அசைவருக்கும் இடம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய விழா வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். உணவுத் திருவிழா என்று கூடாரம் போட்டால் கடைசியில் அங்கேயும் பிரியாணிதான் விற்கும். நம் பகுதியில் எழுபது வயது கடந்த தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு பேரனோ பேத்தியோ கைப்பேசியோடு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தக் காலத்தில் டிபட் அம்மையார் தூக்கிச் சுமந்த ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. பாட்டி 'கொஞ்சம் உப்பு' என்றால் அந்தக் 'கொஞ்சம்' கையில் எவ்வளவு என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தராசில் போட்டு எழுதுங்கள். 'பதம் வந்ததும்' என்றால், கண்ணால் பார்த்தா, மூக்கால் முகர்ந்தா, காதால் கேட்டா என்று கேளுங்கள். குழம்பு கொதிக்கும் ஓசை மாறுவதை வைத்தே இறக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் என்ன தின்றீர்கள், பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுத்தீர்கள், சாவு வீட்டுக்கு என்ன கொண்டு போனீர்கள் என்று கேளுங்கள். பண்டிகைப் பலகாரத்தை எல்லாரும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் கிடைக்காது.

பாட்டி சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். 'சொப்பு' என்றால் சொப்பு. இலக்கணத் தமிழாக்குகிறேன் என்று கை வைக்காதீர்கள். அளவுப் பெயரையும் அப்படியே விடுங்கள். பக்கத்தில் இன்றைய அளவைக் குறித்தால் போதும். இந்த ஊரில் அதுவும் ஒரு கலவைதான். ஒரே வீட்டில் மாமியார் ஆழாக்கு, உழக்கு, படி என்று அளப்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த மருமகள் பாவு, சேர் என்று அளப்பாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி; அங்கே நான்கு பாவு ஒரு சேர். வீட்டுப் பரணில் பித்தளை உழக்கோ இரும்புப் படியோ கிடந்தால், பழைய இரும்புக்காரனிடம் போடுமுன் அதில் ஒரு முறை கேழ்வரகை நிரப்பித் தலைதட்டி அளந்து, எத்தனை கிராம் என்று குறித்து வையுங்கள். குறிப்பு கையில் இருந்தும் உழக்கு எவ்வளவு என்று தெரியாமல் போனால், நாளை அந்தக் கூழைக் காய்ச்ச முடியாது.